நீர்நாய் வந்தபிறகு ஓடையில் பெரிய மீன் சிக்கவில்லை என்ற கேள்விக்கு

நீர்நாயை விரட்டினாலும் மீன் திரும்பி வராது என்றுதான் நினைக்கிறேன். ஒரு நீர்நாய் நாளைக்குச் சுமார் ஒரு கிலோ தின்னும், உண்மைதான், ஆனால் அதில் நண்டு, தவளை, சின்ன மீன் எல்லாம் சேர்த்தி. தவிர அது ஒரே மடுவில் உட்கார்ந்து தின்பதில்லை, ஓடையோரமாகவே பல கிலோமீட்டர் சுற்றும்.

எனக்குச் சந்தேகம் வண்டல் மேல்தான். கூழாங்கல் இடுக்கில் சேறு அடைத்தால் உள்ளே இருக்கும் மீன் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் செத்துப்போகும். இரண்டு வருஷம் அப்படிப் போனால் பெரிய மீன் எங்கிருந்து வரும்?

ஆழமில்லாத இடத்தில் இறங்கிக் கூழாங்கல்லைக் கையால் கிளறிப் பாருங்கள். புகை மாதிரி சேறு கிளம்புகிறதா? விரல் நீளக் குஞ்சுகள் ஓடுகின்றனவா? குஞ்சே இல்லையென்றால் கோளாறு முட்டையிடும் இடத்தில். குஞ்சு நிறைய இருந்து பெரியது மட்டும் இல்லையென்றால், பிடித்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள்.

அப்புறம், பாறை மேல் மீன்வாடையோடு கருப்பாக நீர்நாயின் எச்சம் கிடக்கும். காய்ந்ததைக் குச்சியால் உதிர்த்தால் முள்ளா, நண்டு ஓடா, எது அதிகம் என்று தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும்: மீன் வாங்கி விட்ட சின்னக் குளமென்றால் கதை வேறு, தப்பிக்க இடமில்லாத மீனை நீர்நாய் நிஜமாகவே காலி செய்யும், அதற்கு வேலி போடுவதுதான் வழி. பொறி மட்டும் வைத்துவிடாதீர்கள், பல நாடுகளில் அது குற்றம்.