மகள் வீட்டு ஜன்னலில் வழியும் தண்ணீர்

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக என் மனைவி கனடா போயிருக்கிறாள். காற்றுப் புகாத புது வீடு. குளிர் தொடங்கியதிலிருந்து காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறதாம்; கீழ்ச் சட்டத்தில் கறுப்பாகப் பூஞ்சணம். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கலாமா? திரும்பும்போது அதை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்றும் யோசனை. ஐப்பசி மழையில் எங்கள் அலமாரித் துணியும் பூத்துப்போகிறது.
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கொண்டுவருகிற யோசனையை முதலில் விடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. இங்கே நேராகச் செருகினால் கருகிவிடும்.

சரி, அங்கே வாங்கலாமா? அதற்குமுன் அந்த வீட்டில் இப்போது என்னவெல்லாம் கொதிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குளிக்க வெந்நீர், பேறுகால மருந்து, காலையில் புட்டு, ராத்திரி மரச்சீனிக்கிழங்கு. குழந்தைத் துணி வேறு உள்ளேயே காயும். நம் ஓட்டு வீடென்றால் ஆவி ஓட்டிடுக்கில் போய்விடும். அங்கே போக வழியில்லை. வீட்டிலேயே அதிகம் குளிர்ந்துகிடக்கும் கண்ணாடியில் பட்டு நீராகிறது. மாமியார் சமையல்மேல் மட்டும் மருமகன் பழிபோட வேண்டாம், வீட்டில் ஆள் கூடினால் மூச்சுக்காற்றின் ஈரமும் கூடும்.

அங்குள்ள வசதி, வெளிக்காற்று வறண்டது. 20 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவி தாங்கும். மைனஸ் 20-ல் ஒரு கிராம்தான். ஆகவே உள்காற்றை வெளியேற்றினாலே ஈரம் இறங்கும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஓடட்டும், குளித்தபிறகு குளியலறை ஃபேன் அரை மணி நேரம். அடுப்புக்கு மேலுள்ள சில ஃபேன்கள் புகையை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும், அதனால் பயனில்லை. புது வீட்டில் ஹெச்.ஆர்.வி. இருக்க வாய்ப்புண்டு. வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றிவிடும் கருவி அது. சத்தம் என்று அணைத்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்புறம், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸோடு, காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் இணைந்திருந்தால் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஈரத்தை ஊட்டிக்கொண்டே மறுபக்கம் உறிஞ்ச மெஷின் வாங்குவது வெட்டிச்செலவு.

இப்போதைக்கு வாங்க வேண்டியது, விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்று. கடுங்குளிரில் அது 30 சதவீதத்தை ஒட்டி நிற்கட்டும். இவ்வளவும் செய்து இறங்காவிட்டால் டீஹியூமிடிஃபையரைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் அலமாரிக் கதை வேறு. ஐப்பசியில் நம்மூர் வெளிக்காற்றே ஈரம். ஜன்னலைத் திறந்துவைத்து மெஷின் போட்டால் குழித்துறை ஆற்றங்கரைக் காற்றையெல்லாம் நீங்கள்தான் உலர்த்த வேண்டியிருக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப்போடுங்கள், வெயில் அடிக்கிற அன்று கதவைத் திறந்துவையுங்கள்.