முதல் ரீலோடிங் பிரெஸ்: எதை வாங்குவது?

தம்பி, அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுடப் பழகுகிறேன், கடைத் தோட்டா கட்டுப்படியாகவில்லை, சுட்ட கூடுகளில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றி வீட்டிலேயே ரீலோட் செய்ய, அதற்கான நெம்புகோல் கருவியில் புரோகிரசிவ் பிரெஸ் என்ற வகையை வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதினாறு வருடமாக என் கராஜில் இந்த வேலை நடக்கிறது. பிரெஸ்ஸைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்த விசாவில் இருக்கிறீர்கள்?

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கும் இதே கதைதான். பலர் கவனிக்காத இன்னொரு விஷயம்: அந்தச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை. பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு, வெடிமருந்து எல்லாமே தனித்தனியாகவும் தோட்டாக் கணக்கில்தான் வரும். பிரெஸ் வெறும் இரும்பு, அதை யாரும் வாங்கலாம். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு பிரைமர் டப்பா இருந்தால் நிலைமை வேறு. அதனால் எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது என்றால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை. மாநிலச் சட்டத்தை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் தேவை.

சரி, பிரெஸ்ஸுக்கு வருவோம். மூன்று வகை இருக்கிறது. சிங்கிள் ஸ்டேஜில் ஒரு நேரத்தில் ஒரே டைதான் (டை என்பது கூட்டை வடிவுக்குக் கொண்டுவரவும் குண்டைப் பொருத்தவும் உதவும் அச்சு). ஐம்பது கூடுகளுக்கும் ஒரு வேலையை முடித்துவிட்டு டையை மாற்றி அடுத்த வேலைக்குப் போக வேண்டும். டரெட்டில் எல்லா டையும் மேலே ஒரு வட்டில் உட்கார்ந்திருக்கும், வட்டு சுழலும். புரோகிரசிவில் கூடுகள் கீழே சுற்றி வரும், நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் எல்லா நிலையிலும் வேலை நடந்து ஒரு முழுத் தோட்டா வெளியே விழும். என் கைக்கு மணிக்கு முதலாவதில் ஐம்பது, இரண்டாவதில் நூற்றைம்பது, மூன்றாவதில் நானூறு வரும்.

நானூறு என்றதும் மனம் அங்கே போகும். எனக்கும் போனது. பழைய புரோகிரசிவ் ஒன்று கிடைத்ததும் அதிலேயே தொடங்கினேன். ஒரு நாள் பாதியில் போன் வந்தது, பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து இழுத்தேன். அடுத்த வாரம் ரேஞ்சில் ஒரு தோட்டா ‘டப்’ என்று வெடிக்காமல் ‘புஸ்’ என்றது. நான் அடுத்ததைச் சுட விரலை வைத்துவிட்டேன், பக்கத்தில் நின்ற பெரியவர் கையை நீட்டித் தடுத்தார். பார்த்தால் குண்டு குழலுக்குள்ளேயே நிற்கிறது. அந்தக் கூட்டில் மருந்து விழவே இல்லை, பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைப் பாதி வழி தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கலாம். அந்தப் பெரியவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் என் பதில் சிங்கிள் ஸ்டேஜ், அதுவும் வார்ப்பிரும்பில் ஓ வடிவச் சட்டகம் உள்ளது. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட் இரண்டுமே நல்லவை. டை எல்லாம் பெரும்பாலும் 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி என்ற ஒரே அளவுதான். ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரெஸ்ஸில் ஏறும். நாளைக்கு டரெட் வாங்கினாலும் டைக்குப் போட்ட காசு வீணாகாது.

சிங்கிள் ஸ்டேஜில் எனக்குப் பிடித்தது கண்ணால் பார்க்கக் கிடைக்கும் நேரம். மருந்து போட்ட ஐம்பது கூடுகளும் பலகைக் குழிகளில் வரிசையாக நிற்கும். குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். பிஸ்டல் கூட்டில் இரண்டு மடங்கு விழுந்தாலும் பல நேரம் வழியாது, வெளியிலிருந்து தெரியாது. இந்தப் பார்வை ஒன்றுதான் காப்பு. ரைபிள் கூட்டுக்கு எண்ணெய் தடவாமல் டைக்குள் ஏற்றினால் சிக்கிக்கொள்ளும். நெம்புகோல் கனப்பதைக் கை உடனே சொல்லும், அங்கேயே நிறுத்துங்கள். மருந்தின் அளவை நண்பர் சொன்னார் என்று எடுக்காதீர்கள். அச்சிட்ட கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என இரண்டு இருக்கும், கீழே இருந்து தொடங்குங்கள். மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான்.

மாதம் ஆயிரம் பிஸ்டல் தோட்டா சுடுகிற நாள் வந்தால் புரோகிரசிவ் நியாயம்தான். அப்போது ஒவ்வொரு நிலையிலும் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அபார்ட்மெண்ட் என்றால் தடித்த பலகையில் பிரெஸ்ஸைப் போல்ட் போட்டு, அந்தப் பலகையை மேசையில் கிளாம்ப் வைத்து இறுக்கலாம். சமையலறை மேசை வேண்டாம். வெடித்த பிரைமரிலிருந்து வரும் தூசியில் ஈயம் இருக்கும், குழந்தை இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, ஹீட்டருக்குத் தள்ளி, பூட்டி வையுங்கள்.

அப்புறம், ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பையின் ஓரத்தில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டப்படி வழக்காகிவிடும். நான் அந்தப் பைக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் தவறுதலாக எடுத்துவிடாமல் இருக்க.

விசா என்ன, எந்தக் கேலிபர் (தோட்டா அளவு), மாதம் எத்தனை சுடுகிறீர்கள் என்று எழுதுங்கள். எந்த டை, கூட்டைப் பிடித்துக்கொள்ளும் எந்த ஷெல் ஹோல்டர் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.