‘கொண்டிருந்தேன்’ எல்லாம் ‘வாஸ்’ ஆகுமா?

ஐயா வணக்கம்.

குடியாத்தத்தில் இருக்கிறேன். சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு ட்யூஷன் எடுக்கிறேன். தமிழில் ‘கொண்டிருந்தேன்’ என்று முடிந்தால் ஆங்கிலத்தில் ‘வாஸ்’ போட்டு ‘இங்’ சேர்க்க வேண்டும், அதுதான் பாஸ்ட் கன்டினியூயஸ் என்று படித்தவள் நான். பிள்ளைகளுக்கும் அதையே சொன்னேன். போன வாரம் ஒரு பையன் ‘சின்ன வயசில் வருஷா வருஷம் ஆயா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்’ என்பதை ‘ஐ வாஸ் கோயிங்’ என்று எழுதியிருக்கிறான். பள்ளியில் தப்பு என்று சுழித்துவிட்டார்கள். ‘நீங்க சொன்ன மாதிரிதானே மிஸ் எழுதினேன்?’ என்று கேட்கிறான். பத்து வருஷமாகத் தப்பாகவா சொல்லிக்கொடுத்திருக்கிறேன்?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள அம்மா,

தப்பாகச் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அந்தப் பாதியோடுதான் நிறுத்தியிருப்பார்கள். மீதிப் பாதி ஆங்கிலத்தில் இல்லை, நம் தமிழில் இருக்கிறது.

‘கொண்டிருந்தேன்’ தமிழில் இரண்டு வேலை செய்கிறது. ‘நீ கூப்பிட்டப்போ காட்பாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன்’ என்றால் அந்த நேரத்தில் நான் வழியில் இருந்தேன். நம் பக்கத்துப் பேச்சில் ‘போய்னு இருந்தேன்’. ‘வருஷா வருஷம் ஆயா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்’ என்றால் அது பழக்கம். நமக்கு இரண்டுக்கும் ஒரே வால். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடுகிறது. வழியில் இருந்ததற்குத்தான் ‘வாஸ் கோயிங்’. பழைய பழக்கத்துக்கு ‘யூஸ்டு டு கோ’, அல்லது வெறும் ‘வென்ட்’. கொஞ்ச காலம் மட்டும் நடந்த ஒன்றை, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒரு மாதம் தினமும் வேலூருக்குப் போய்வந்ததைப் போல, ‘வாஸ் கோயிங்’ என்று அவர்களும் சொல்வார்கள். ஆனால் வருஷக்கணக்கான பழக்கத்துக்கு அது பொருந்தாது. உங்கள் பையன் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. அந்த நொடியில் போனில் ஒரு போட்டோ எடுத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அந்த வேலை நடப்பது படத்தில் தெரிந்தால் ‘வாஸ்’ போடலாம். ஆயா வீட்டுக்கு வருஷா வருஷம் போனது ஒரு படத்துக்குள் அடங்காது.

இதன் அருமை வாலே இல்லாத வாக்கியங்களில்தான் தெரியும். ‘தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.’ இதில் ‘கொண்டு’ இல்லை. அதனால் பிள்ளைகள் ‘சாட்’ என்று எழுதிவிடுகிறார்கள். படத்தில் தாத்தா உட்கார்ந்திருப்பது தெரிகிறதே, ஆகவே ‘வாஸ் சிட்டிங்’. ‘நீலச் சட்டை போட்டிருந்தான்’, இதுவும் ‘வாஸ் வேரிங்’. இதையே ‘சட்டை போட்டுக்கொண்டிருந்தான்’ என்றால் படத்தில் ஒரு கை சட்டைக்குள்ளும் இன்னொரு கை வெளியிலும் இருக்கும். அதற்கு ‘வாஸ் புட்டிங் ஆன்’. தமிழ் எவ்வளவு நுட்பமாகப் பிரிக்கிறது பாருங்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது இதைச் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகளுக்குத் தங்கள் மொழி மேலும் ஒரு மரியாதை வரும். அது எனக்கு முக்கியம்.

உங்கள் ஊர் தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தாத்தா நெய்துகொண்டிருந்தார்’ என்பது ‘வாஸ் வீவிங்’. காலும் கையும் ஓடுவது படத்தில் தெரியும். ‘தாத்தா இரண்டு தறி வைத்திருந்தார்’ என்றால்? இங்கேதான் நம்மில் நிறையப் பேர் ‘வாஸ் ஹேவிங் டூ லூம்ஸ்’ என்கிறோம். தறியைப் படம் எடுக்கலாம், அது தாத்தாவுக்குச் சொந்தம் என்பதை எடுக்க முடியாது. அதனால் வெறும் ‘ஹேட்’. ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்பதும் அப்படித்தான். தெரிந்திருப்பதில் பாதி என்று ஒன்று கிடையாது. ‘ஐ வாஸ் நோயிங்’ என்று சொல்லாமல் ‘ஐ நியூ’ என்று நிறுத்த வேண்டும். சாப்பிடுவதைச் சொல்ல ‘வேர் ஹேவிங் டிபன்’ சரி, ஏனென்றால் இலையில் பாதி இட்லி இருக்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும்: ‘யோசித்துக்கொண்டிருந்தேன், அது படத்தில் தெரியாதே மிஸ்?’ தெரியாதுதான். ஆனால் யோசனை பாதியில் நின்றுபோகக் கூடிய வேலை, அதனால் ‘வாஸ் திங்கிங்’ உண்டு. படத்தில் சந்தேகம் வந்தால் ‘பாதியில் இருந்ததா?’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இந்தக் காலம் தனியாக வருவது குறைவு. பெரும்பாலும் பக்கத்தில் சட்டென்று நடந்த இன்னொன்று இருக்கும். அதற்கு நம் வேலூர்க் கோட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1806 ஜூலை 10, விடிய இன்னும் நேரம் இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பாசறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்: ‘வேர் ஸ்லீப்பிங்’. நம் சிப்பாய்கள் தாக்கினார்கள்: ‘அட்டாக்ட்’. அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார்: ‘கேம்’. அவர் வந்தபோது கோட்டைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்: ‘வேர் ஃபைட்டிங்’. நீண்டு கிடப்பதற்கு ‘வாஸ்’, ‘வேர்’. குறுக்கே வந்து வெட்டுவதற்குச் சாதாரண இறந்தகாலம். பிள்ளைகளைக் கோட்டைக்கு ஒருநாள் அழைத்துப்போய் அகழிக்கரையில் உட்கார்த்தி இதைச் சொல்லிப்பாருங்கள். புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவதைவிட நன்றாக நிற்கும்.

அந்தப் பையனிடம், ‘நான் பாதிதான் சொன்னேன், மீதியை இன்றைக்குச் சொல்கிறேன்’ என்று நேராகவே சொல்லிவிடுங்கள். அவன் உங்களை நம்பித்தான் எழுதினான். மார்க் போனது உங்களுக்கு வருத்தம் என்பதும் அவனுக்குத் தெரியட்டும்.

சொல்லி முடித்ததும் ஒரு பயிற்சி கொடுங்கள். 2021 நவம்பரில் உங்கள் ஊர் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்ததே, அந்தச் சேதி காதில் விழுந்தபோது வீட்டில் யார் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு, முதலில் தமிழிலும் அடுத்து ஆங்கிலத்திலும் எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். தமிழையும் சேர்த்தே அனுப்புங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.