வசந்த கால இத்தாலி: தோட்டங்களும் பருவக் காய்களும் – கேள்வி பதில்

ரோம் நகரைச் சுற்றியுள்ள லாத்சியோ மாநிலத்தின் மலையூர் ஒன்றில் நெடுங்காலமாகக் குடியிருந்து, அப்பகுதித் தோட்டங்களைப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டிவரும் ஒருவர், இத்தாலிய நாட்டுப்புறத்தின் வசந்த காலம் குறித்து வந்த கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, வணக்கம். சென்னையிலிருந்து முதன்முறையாகக் குடும்பத்துடன் இத்தாலி செல்ல இருக்கிறோம். பத்து நாள் விடுப்பில் தோட்டங்களையும் கிராமங்களையும் மட்டும் பார்க்க விரும்புகிறோம். எந்த மாதம் ஏற்றது? எந்தெந்த ஊர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்?

பதில்: வணக்கம். ஊர்ப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் எந்த வாரம் என்பதை முடிவு செய்யுங்கள். ஊர் தானாக அமைந்துவிடும். இத்தாலி வடக்கு தெற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நாடு என்பதால், வசந்தம் எங்கும் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. சிசிலியின் அக்ரிஜெந்தோவைச் சுற்றிப் பாதாம் மரங்கள் பிப்ரவரியிலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஏப்ரலில் அங்கே ஆரஞ்சும் எலுமிச்சையும் பூத்து மணக்கும்போது, ரோமிலும் டஸ்கனியிலும் விஸ்டீரியாக் கொடிகள் பந்தல்களிலிருந்து ஊதா நிறத்தில் சரம்சரமாகத் தொங்கும். ஏப்ரல் இறுதியில் கோமோ ஏரிக்கரையில் அசேலியா, மே மாதத்தில் ரோஜா, கோதுமை வயல்களின் ஓரத்தில் சிவப்புப் பாப்பி என்று பருவம் மெல்ல வடக்கே ஏறும். உம்பிரியா மலைமேல் உள்ள கஸ்தெலுச்சோ சமவெளியில், பருப்பு வயல்களுக்கு நடுவே காட்டுப் பூக்கள் விரிய ஜூன் ஆகிவிடும்.

என்னைக் கேட்டால், ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும், தங்குமிடம் லாத்சியோவில் ஒரே ஊர் என்று வைத்துக்கொள்வேன். அந்த நாள்களில் ஆர்ட்டிசோக் (காய்போல் சமைத்து உண்ணும் பூமொட்டு) இன்னும் முடிந்திருக்காது, ஃபாவா அவரை சந்தைக்கு வந்திருக்கும், ரோஜாவும் மொட்டவிழத் தொடங்கியிருக்கும். பத்து நாளில் வெனிஸ் முதல் நேப்பிள்ஸ் வரை ஓடினால் ரயில் நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஏப்ரல் 25, மே 1 ஆகிய இரண்டும் பொது விடுமுறை நாள்கள் என்பதால் சாலைகள் நெரிசலாக இருக்கும். குடையும் கம்பளிச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையூர்களில் ஏப்ரல் இரவு நன்றாகவே குளிரும்.

கேள்வி: நின்ஃபா என்ற தோட்டத்தைப் பற்றிப் பலரும் வியந்து எழுதுகிறார்கள். அவ்வளவு சிறப்பா, அல்லது படங்களில்தான் அழகா?

பதில்: சிறப்புத்தான். ரோமுக்குத் தென்கிழக்கே, லெப்பினி மலையடிவாரத்தில் நின்ஃபா என்ற ஊர் இருந்தது. தேவாலயங்களும் கோட்டையும் ஆலைகளுமாகச் செழித்த அவ்வூர் 1380-களில் போரில் சூறையாடப்பட்டது. பிறகு சதுப்பு நிலத்து மலேரியா எஞ்சியிருந்தவர்களையும் விரட்ட, ஊரைக் கொடிகளும் முட்புதர்களும் மூடிக்கொண்டன. அந்நிலத்துக்கு உரிமையாளர்களான கயெத்தானி குடும்பத்தைச் சேர்ந்த ஜெலாசியோ கயெத்தானி, 1921-ஆம் ஆண்டு வாக்கில் இடிபாடுகளைச் செப்பனிட்டு மரங்களை நடத் தொடங்கினார். அவருடைய தாய் இங்கிலாந்துக்காரர். ரோஜாச் செடிகளை அவர்தான் விரும்பி நட்டார். குடும்பத்தின் கடைசி வாரிசான லேலியா 1977-இல் மறைந்தார். இன்று அறக்கட்டளை ஒன்று தோட்டத்தைப் பராமரிக்கிறது.

மேற்கூரை இல்லாத தேவாலயச் சுவரில் ரோஜாக்கொடி ஏறி, முன்பு சன்னலாக இருந்த ஓட்டையின் வழியே மறுபுறம் வழிவதை அங்கே பார்க்கலாம். நடுவே ஓடும் ஆற்று நீர் அடித்தரையில் அசையும் பாசி வரை தெரியும் அளவுக்குத் தெளிவானது. வெயில் ஏறிய பிறகும் ஆற்றோரப் பாதை குளிர்ச்சியாகவே இருக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: நினைத்த நாளில் உள்ளே செல்ல முடியாது. ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே திறக்கிறார்கள். முன்பதிவு செய்து, குழுவாகத்தான் செல்ல வேண்டும். வசந்த கால வார இறுதிகளுக்கான சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால், விமானச் சீட்டு வாங்கும் முன்பே நின்ஃபாவின் நாள்களைப் பார்த்துக்கொள்வது நல்லது. லத்தீனா ஸ்காலோ ரயில் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து டாக்சியில் போகலாம்.

கேள்வி: சென்ற ஆண்டு திவோலியில் வில்லா தெஸ்தே தோட்டத்துக்குப் போனோம். நீரூற்றுகள் அருமை. ஆனால் பூக்களே அதிகம் இல்லை. வசந்தத்தில் போயும் ஏமாற்றமாக இருந்தது. தவறான நேரத்தில் போய்விட்டோமா?

பதில்: நேரம் சரிதான், எதிர்பார்ப்புத்தான் வேறு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியத் தோட்டம் கல், நீர், பசுமை மாறா மரம் என்ற மூன்றைக் கொண்டு கட்டப்பட்டது. பூச்செடி அதில் துணைப் பாத்திரம். கர்தினால் இப்போலித்தோ தெஸ்தேவுக்காகப் பிர்ரோ லிகோரியோ வடிவமைத்த அத்தோட்டத்தில், அனியேனே ஆற்றிலிருந்து திருப்பிய நீர் வெறும் ஈர்ப்பு விசையாலேயே அத்தனை ஊற்றுகளிலும் பீறிட்டது. நீரின் அழுத்தத்தால் இசைக்கும் ஆர்கன் ஊற்று இன்றும் பகலில் குறிப்பிட்ட நேரங்களில் ஒலிக்கிறது. 2001-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த முறை வித்தெர்போவுக்கு அருகில், பான்யாயாவில் உள்ள வில்லா லாந்தேக்குப் போய்ப் பாருங்கள். திவோலியைவிட அதுவே மேல் என்பது என் கட்சி. சரிவில் இறங்கும் நீர், கல்லில் செதுக்கிய நன்னீர் இறால் வடிவச் சங்கிலி போன்ற வாய்க்காலில் சுழித்து ஓடும். தோட்டத்தை அமைத்த கர்தினால் கம்பாராவின் குடும்பச் சின்னம் அந்த நன்னீர் இறால். அதற்குக் கீழே ஒரு நீண்ட கல் மேசை இருக்கிறது. மேசையின் நடுவே நீர் ஓடும் தொட்டி. விருந்தினர் உண்ணும்போது மதுவும் பழமும் அந்த நீரில்தான் குளிர்ந்துகொண்டிருந்தன.

பூதான் வேண்டும் என்றால் மே மாதத்தில் ரோமின் அவென்டைன் குன்றிலுள்ள மாநகராட்சி ரோஜாத் தோட்டத்துக்கும், ஃப்ளாரன்ஸில் மைக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்குக் கீழே உள்ள ஐரிஸ் தோட்டத்துக்கும் போகலாம். பின்னது ஏப்ரல் இறுதியில் திறந்து, மே இருபதை ஒட்டி மூடிவிடும்.

கேள்வி: சூரிச்சிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. எங்களுக்கு ஆல்ப்ஸ் மலையின் கோட்டார்ட் சுரங்கத்தையும் திச்சினோ மாநிலத்தையும் தாண்டினால் இத்தாலிதான். ஏரிக்கரைத் தோட்டங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா?

பதில்: பூக்களுக்குப் போதும். மஜ்ஜோரே ஏரிக்கரையில் வில்லா தரான்தோ இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான நீல் மெக்யேகர்ன் 1931-இல் நிலத்தை வாங்கி உருவாக்கி, 1952-இல் பொதுமக்களுக்குத் திறந்த தோட்டம் அது. ஏப்ரலில் டியூலிப் காட்சி. எதிரே இசோலா பெல்லா தீவில் அடுக்குத் தளங்களும் வெள்ளை மயில்களும்.

சாப்பாட்டுக்காக என்றால் இன்னும் வெகுவாகக் கிழக்கே, வெனெத்தோ மாநிலத்தின் பஸ்ஸானோ தெல் கிராப்பா வரை வண்டியை விடுங்கள். அங்கே விளையும் வெள்ளை ஆஸ்பராகஸுக்கு 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் உண்டு. வெயில் படாதபடி தண்டின் மேல் மண்ணை அணைத்து வளர்ப்பதால்தான் அந்த வெண்மை. கட்டுகளை இளம் வில்லோக் குச்சியால் சுற்றி விற்பார்கள். உணவகத்தில் அவித்த ஆஸ்பராகஸும் அவித்த முட்டையும் தட்டில் வரும். முட்டையை நீங்களே முள்கரண்டியால் மசித்து, ஆலிவ் எண்ணெய், வினிகர், உப்பு, மிளகு சேர்த்துக் குழைத்து, தண்டை அதில் தோய்த்து உண்ண வேண்டும். மார்ச் பாதியில் தொடங்கும் இந்தப் பருவம் ஜூன் நடுவில் முடிந்துவிடும்.

கேள்வி: ரோமில் எல்லா உணவகங்களின் வாசலிலும் ஆர்ட்டிசோக்கை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது?

பதில்: ரோமானெஸ்கோ வகையைக் கேளுங்கள், உருண்டையாக, முள் இல்லாமல் இருக்கும். செடியின் உச்சியில் வரும் முதல் மொட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். இரண்டு சமையல் முறைகள் உண்டு. முதலாவது 'அல்லா ரோமானா': பூண்டு, பார்ஸ்லி, காட்டுப் புதினா வகை ஒன்று ஆகியவற்றை மொட்டுக்குள் திணித்து, தலைகீழாகப் பாத்திரத்தில் நெருக்கி நிறுத்தி, எண்ணெயும் நீரும் விட்டு மூடி வேகவைப்பது.

இரண்டாவது 'அல்லா ஜூதியா', ரோமின் பழைய யூதக் குடியிருப்பில் பிறந்தது. சமையற்காரர் மொட்டை ஒரு கையில் சுழற்றிக்கொண்டே, மறுகையிலுள்ள சிறு கத்தியால் வெளியிதழ்களின் முற்றிய பகுதியைச் சுருளாகச் சீவி எறிவார். கறுக்காமல் இருக்க எலுமிச்சை நீரில் போடுவார். பிறகு மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து, ஆறவிட்டு, இதழ்களை விரித்து, கொதிக்கும் எண்ணெயில் மறுபடியும் போடுவார். வெளியிதழ் அப்பளம்போல் நொறுங்கும். நடுப்பகுதி வெண்ணெயாக இருக்கும். இதில் உப்பைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. ரோமுக்கு வடமேற்கே கடற்கரையூரான லாதிஸ்போலியில் ஏப்ரலில் ஆர்ட்டிசோக் திருவிழாவே நடக்கிறது. மே பாதிக்குமேல் தட்டில் வரும் ஆர்ட்டிசோக் பெரும்பாலும் பருவம் தப்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. காய்கறிப் பருவம்தானே, சிக்கல் இருக்காது என்று நம்பலாமா?

பதில்: காய்கள் நிறைந்த பருவம் என்பது உண்மை, அதனாலேயே கவனம் குறைந்துவிடும். ஃபாவா, பட்டாணி, ஆர்ட்டிசோக் மூன்றும் சேர்ந்த 'விஞ்ஞரோலா' என்ற ரோமானியக் கூட்டு பார்வைக்குச் சைவம்தான். ஆனால் பலர் அதில் பன்றிக் கன்னக் கொழுப்பான குவாஞ்சாலேயைச் சேர்ப்பார்கள். புந்தரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட்டில் நெத்திலி வகை மீன் அரைத்துக் கலந்திருக்கும். வெனிஸின் பட்டாணிச் சோறான ரிசி எ பிசி, புனித மாற்குவின் திருநாளான ஏப்ரல் 25-க்கு உரியது. அதில் பெரும்பாலும் இறைச்சிச் சாறோ பன்றிக் கொழுப்போ இருக்கும். 'சென்ட்ஸா குவாஞ்சாலே, சென்ட்ஸா அச்சூகே' (குவாஞ்சாலே வேண்டாம், நெத்திலி வேண்டாம்) என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சீஸ் இன்னும் நுட்பமான விஷயம். பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். பெக்கொரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். ரிக்கோத்தாவில் ரென்னெட்டைத் தனியாகச் சேர்ப்பதில்லை என்றாலும், அது சீஸ் வடித்த மோரிலிருந்து வருவதால் கண்டிப்பான சைவர்கள் தவிர்ப்பது உண்டு. முட்செடிப் பூவைக் கொண்டு உறையவைத்த செம்மறியாட்டுச் சீஸ்களும் சில பண்ணைகளில் கிடைக்கின்றன. 'கால்யோ வெஜெத்தாலே' (தாவர ரென்னெட்) என்று கேட்டுப் பாருங்கள். மேற்சொன்ன இரு ஆர்ட்டிசோக் முறைகளும், ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட அக்ரெத்தி கீரையும் உங்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும்.

கேள்வி: மே முதல் நாளில் ஃபாவா அவரையைப் பச்சையாகத் தின்பார்களாமே, உண்மையா?

பதில்: உண்மை. ரோமைச் சுற்றியுள்ளவர்கள் அன்று வயல்வெளிக்குப் போய், இளம் ஃபாவாக் காயை மேசைமேல் கொட்டி, உரித்து உரித்துப் பெக்கொரீனோத் துண்டுடன் தின்பார்கள். இளசாக இருந்தால் உள்தோலையும் நீக்க வேண்டாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் ஃபாவாவைத் தொடவே கூடாது. அதிலுள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்கள் அவர்களுடைய சிவப்பணுக்களை உடைத்து, ஓரிரு நாளில் மஞ்சள் காமாலையும் கறுத்த சிறுநீருமாக உயிருக்கே ஆபத்தாகலாம். சார்தீனியாவில் இக்குறைபாடு பரவலாக உண்டு. இந்தியாவிலும் சில சமூகங்களில் காணப்படுகிறது. இத்தாலியக் கடை வாசலில் 'இங்கே பச்சை ஃபாவா விற்கப்படுகிறது' என்று பலகை தொங்கினால் அது விளம்பரம் என்று எண்ண வேண்டாம், இவர்களுக்கான முன்னெச்சரிக்கை அது. குடும்பத்தில் யாருக்கேனும் இக்குறைபாடு இருந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பலெர்மோவில் வசிக்கும் ஈழத் தமிழ்க் குடும்பம் நாங்கள். ஏப்ரலில் யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். புனித ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு எப்படியும் போவோம். அதிகம் நடக்க முடியாத அவர்களைத் தோட்டம் எதற்காவது அழைத்துப் போகலாமா?

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1795-இல் திறந்த பலெர்மோ தாவரவியல் பூங்கா பெரும்பாலும் சமதளம். விழுதுகள் தூண்களாக ஊன்றிய பெரிய ஆஸ்திரேலிய ஆலமரத்தின் நிழலில் அவர்கள் வெகுநேரம் உட்கார்ந்திருப்பார்கள். அக்ரிஜெந்தோ கோயில் பள்ளத்தாக்கிலுள்ள கோலிம்பெத்ரா, பழங்கால நிலத்தடிக் கால்வாய் நீரில் வாழும் ஆரஞ்சுத் தோப்பு. ஏப்ரலில் அதன் மணம் ஈடற்றது; ஆனால் இறக்கமும் ஏற்றமும் உண்டு என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். ஏப்ரல் இறுதியிலிருந்து சந்தைக்கு வரும் நெஸ்போலே பழத்தையும், ஃபாவாவும் பட்டாணியும் ஆர்ட்டிசோக்கும் சேர்ந்த ஃப்ரித்தெத்தாவையும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: அக்ரிதுரீஸ்மோ என்ற பண்ணைவீடுகளில் தங்குவது நல்லதா? கார் இல்லாமல் முடியுமா?

பதில்: நல்லது. சட்டப்படி அது உண்மையான பண்ணையாக இருக்க வேண்டும். விருந்தோம்பல் உழவுக்குத் துணைத் தொழிலாக மட்டுமே நடக்கலாம் என்பது 1985 முதல் உள்ள விதி, 2006-இல் அச்சட்டத்தைப் புதுப்பித்தார்கள். ஆகவே மேசைக்கு வருவதில் பெரும்பகுதி அந்த நிலத்திலோ அக்கம்பக்கத்திலோ விளைந்ததாக இருக்கும். பல இடங்களில் விலைப்பட்டியலே கிடையாது. அன்று சமைத்ததுதான் சாப்பாடு. மதிய உணவு பொதுவாகப் பன்னிரண்டரைக்குத் தொடங்கும், இரண்டரைக்குள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மூன்று மணிக்குப் போய் நின்றால் ரொட்டிகூடக் கிடைப்பது அரிது.

கார் இல்லாமல் கடினம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமப் பேருந்துகள் மிகக் குறைவு. வாடகைக் கார் எடுப்பதானால் இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். பழைய ஊர்களின் மையப்பகுதியில் வெளியார் வண்டிக்குத் தடை இருக்கும், கேமரா படம் பிடித்து அபராதம் வீடு தேடி வரும். ஈஸ்டருக்கு மறுநாளான திங்களன்று நாடே கூடையும் விரிப்புமாக வயல்வெளிக்குக் கிளம்பிவிடும் என்பதால், அன்றைய மதிய உணவுக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே இடம் சொல்லி வையுங்கள். 2027-இல் அந்தத் திங்கள் மார்ச் 29.