தாக்கக் காரணியை மட்டும் பார்க்க வேண்டாம்

வணக்கம். டீசலிலிருந்து கந்தகம் நீக்கும் கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கி பற்றிய உங்கள் கட்டுரையை, தாக்கக் காரணி குறைவு என்பதால் பெட்ரோலிய வேதியியல் இதழுக்கு அனுப்பத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண், ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் ஓராண்டில் பெறும் மேற்கோள்களின் சராசரி மட்டுமே. மின்வினையூக்கம் போல ஆய்வாளர்கள் பெருகியுள்ள துறைகளில் அது விரைந்து உயர்வதும், சுத்திகரிப்பு வேதியியலில் மெதுவாக நகர்வதும் இயல்பே. அதனால் உங்கள் ஆய்வின் தரம் குறைந்துவிடாது.

எனக்குக் கவலை தருவது, நீங்கள் எளிதில் நீங்கும் கந்தகச் சேர்மமான தயோஃபீனை மட்டுமே சோதித்திருப்பதுதான். இந்தியாவின் வாகன மாசு விதியான பாரத் ஸ்டேஜ் 6-இன்படி டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால், இரு மெத்தில் தொகுதிகள் கந்தக அணுவை மறைத்து நிற்பதால் நீக்கக் கடினமான 4,6-டைமெத்தில்டைபென்சோதயோஃபீனை எவ்வளவு நீக்கினீர்கள் என்றே மதிப்பீட்டாளர்கள் முதலில் கேட்பார்கள். அந்தச் சோதனையை முடித்துச் சேர்த்த பிறகு, தயங்காமல் அந்த இதழுக்கே அனுப்புங்கள்.