வெளுத்து முறியும் கலப்புச் சவ்வு: குறை எங்கே?

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காக, சல்ஃபோனேற்றிய பாலி ஈதர் ஈதர் கீட்டோனில் (ஸ்பீக்) 10 சதவீதம் யுஐஓ-66-என்எச்2 என்ற உலோக-கரிமக் கட்டமைப்பை (உலோகக் கொத்துகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்த, நுண்துளைகள் நிறைந்த பொடி) கலந்து எரிபொருள் கலனுக்குச் சவ்வு வார்க்கிறேன். சவ்வு வெளுத்துப்போகிறது, மடித்தால் முறிகிறது. புரோட்டான் கடத்துத்திறன் வெறும் ஸ்பீக்கைவிடக் குறைவு. வேறு கட்டமைப்புக்கு மாறலாமா?

பதில்: மாற வேண்டாம். நல்ல பொருளைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். இதன் மூல வடிவமான, ஆஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து 2008-இல் வெளிவந்த யுஐஓ-66-இல் ஒவ்வொரு ஸிர்கோனியக் கொத்தையும் 12 கரிம இணைப்பிகள் பிடித்திருக்கின்றன. நீரிலும் அமிலத்திலும் அது எளிதில் குலையாது. இசட்ஐஎஃப்-8 என்ற இன்னொரு கட்டமைப்போ அமிலத்தில் சிதைந்துவிடும். இரும்பு, தாமிரம் கொண்டவற்றை நான் தொடவே மாட்டேன். கசியும் அயனிகள் கலனில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து, சவ்வை அரிக்கும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்கும்.

முதல் சந்தேகம் அந்த 10 சதவீதத்தின் மேல்தான். கட்டமைப்பின் அமீன் தொகுதிகள் (பெயரிலுள்ள என்எச்2) ஸ்பீக்கின் சல்ஃபோனிக் அமிலத்திடமிருந்து புரோட்டானை வாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. அளவோடு இருந்தால் இந்த அமில-காரப் பிணைப்பு நல்லதே: துகளும் பாலிமரும் ஒட்டிக்கொள்ளும், சவ்வு வெந்நீரில் ஊதிப்போகாது. மிஞ்சினால் ஓட வேண்டிய புரோட்டான்கள் கட்டுண்டு நிற்கும். வெண்மைக்கும் முறிவுக்கும் துகள்கள் திரண்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். 1, 2, 3 சதவீதத்தில் மறுபடி தொடங்குங்கள்.

கலக்கும் முறையையும் மாற்றுங்கள். பொடியைக் கட்டியாகும்வரை உலர்த்தினால், எவ்வளவு மீயொலி கொடுத்தாலும் முழுதாகப் பிரியாது. மெத்தனாலில் கழுவியபின் ஈரமாகவே வைத்து, வார்ப்புக் கரைப்பானுக்கு மாற்றி, மீயொலியில் சிதறடியுங்கள். பாலிமர் கரைசலில் ஒரு சிறு பங்கை முதலில் சேர்த்துக் கலக்கினால் துகள்களின் மேல் பாலிமர் படியும். மீதியை அதன்பின் ஊற்றுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான். கட்டமைப்பைத் தயாரிக்கும்போதே அது துளைகளில் தங்கிவிடுகிறது. வார்க்கவும் அதையே எடுத்தால் இரட்டைச் சுமை. சூட்டில் அமிலத்தோடு சேர்ந்து அது சிதையும்போது உண்டாகும் டைமெத்தில் அமீன், சல்ஃபோனிக் தொகுதிகளை நடுநிலையாக்கிவிடும். உங்கள் கடத்துத்திறன் சரிந்ததில் இதற்குக் கணிசமான பங்கு இருக்கலாம். மெத்தனாலைப் பலமுறை மாற்றிக் கழுவுங்கள். வார்த்த சவ்வை 1 மோலார் கந்தக அமிலத்தில் ஊறவைத்து, கழுவுநீர் நடுநிலைக்கு வரும்வரை அலசுங்கள். பிறகு எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படம் எடுத்துக் கட்டமைப்பு குலையவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

அளவீட்டை 100 சதவீத ஈரப்பதத்தில் மட்டும் எடுத்திருந்தால் அது அநியாயமான ஒப்பீடு. நீர் தாராளமாக இருக்கையில் வெறும் ஸ்பீக்கே நன்றாகக் கடத்தும். துளைகளில் நீரைத் தேக்கிவைக்கும் கட்டமைப்பின் பலன், ஈரம் குறையும்போதுதான் வெளிப்படும். 80 டிகிரி செல்சியஸில் ஈரப்பதத்தை 90-லிருந்து 40 சதவீதம்வரை படிப்படியாக இறக்கி, வெறும் ஸ்பீக்கையும் கூடவே அளந்து பாருங்கள்.

ஆனால் இவற்றையெல்லாம் தொடங்குமுன் ஒரு சோதனை; அதுவரை புதுச் சவ்வு எதையும் வார்க்க வேண்டாம். கையிலிருக்கும் சவ்வை அமிலத்தில் ஊறவைப்பதற்கு முன்பும் பின்பும் அயனிப் பரிமாற்றத் திறனை (கட்டுண்டு போகாத அமிலத் தொகுதிகளின் அளவை) தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) மூலம் கண்டறியுங்கள். அளவு நன்றாக மீண்டால் கழுவுதலில்தான் கோளாறு. மீளாவிட்டால் அமீன் கொண்ட கட்டமைப்பின் அளவைக் குறையுங்கள்.