பேக்யார்டில் ஸ்ட்ரைக், மேட்சில் வாக்: மகளுக்கு என்ன ஆயிற்று?

வணக்கம் மேடம்,

நாங்கள் டெக்சஸில், டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது. சின்ன வயதிலிருந்தே சாஃப்ட்பால் ஆடுகிறாள், பிட்சர், அதாவது பந்து வீசுபவள். இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பேஸ்பால் மாதிரிதான், ஆனால் பந்து பெரியது, கையை முழுச் சுற்று சுற்றிக் கீழிருந்து வீச வேண்டும். பேட்டர் அடிக்கத் தக்க எல்லைக்குள் பந்து போனால் ஸ்ட்ரைக். நான்கு பந்து அந்த ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போய், எதிரணிப் பெண் அவற்றை அடிக்காமல் விட்டால், சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போய்விடலாம். அதுதான் வாக்.

போன வருடம் வரை 12 வயதுப் பிரிவில் ஊர் ஊராகப் போய் ஆடும் எங்கள் ட்ராவல் டீமுக்கு இவள்தான் முதல் பிட்சர். 14 வயதுப் பிரிவுக்கு மாறியதிலிருந்துதான் இந்தக் கஷ்டம். வாக், வாக், அப்புறம் பந்தைப் பிடிக்கிற கேட்சர் தலைக்கு மேல் ஒரு பந்து, உடனே கோச் வந்து மாற்றிவிடுகிறார். ஆனால் வீட்டுப் பேக்யார்டில் நன்றாகவே வீசுகிறாள், அதுதான் புரியவில்லை. சனிக்கிழமை டோர்னமென்ட் என்றால் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள். "அம்மா, என் கை என் கை மாதிரியே இல்ல" என்று ஒரு நாள் சொன்னாள், அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

என் கணவர் அவளுக்காக எவ்வளவோ செய்கிறார். தினமும் சாயங்காலம் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அவள் பந்தைப் பிடிக்கிறார், போனில் வீடியோ எடுத்து ஸ்லோமோஷனில் போட்டுக் காட்டுகிறார். இடுப்பு சீக்கிரம் திரும்புகிறது என்கிறார் பிட்சிங் கோச். டீம் கோச்சோ பந்தைத் தாமதமாக விடுகிறாள் என்கிறார். திருச்சியில் இருக்கும் என் மாமியார் ராத்திரி கண்விழித்து லைவில் மேட்ச் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இன்னைக்கும் உன்ன மாத்திட்டாங்க?" என்று கேட்கிறார். பாசத்தில் கேட்பதுதான், ஆனால் பிள்ளை போனைக் கொடுத்துவிட்டு ரூமுக்குள் போய்விடுகிறாள்.

இணையத்தில் தேடியபோது பழகிய ஆட்டக்காரருக்குத் திடீரென்று கை கட்டுப்பாடு போய்விடுகிற யிப்ஸ் என்று ஒன்றைப் படித்துப் பயந்துவிட்டேன். இது அதுவா? இவளுடைய காலேஜ் வாய்ப்பு இதோடு போய்விடுமா? நேற்று "விட்டுடட்டுமா?" என்று கேட்கிறாள். பிடித்துத் தள்ளுவதா, விட்டுவிடுவதா?

இப்படிக்கு,
ஒரு அம்மா

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உடம்பு. மனசைப் பற்றி அப்புறம் பேசலாம்.

12 வயதுப் பிரிவில் பிட்சர் 40 அடியிலிருந்து வீசுகிறாள். 14 வயதுப் பிரிவில் 43 அடி. பந்து அதே 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்துதான், ஆனால் 3 அடி கூடியிருக்கிறது. நேற்று வரை முழங்கால் உயரத்தில் ஸ்ட்ரைக்காகப் போய்ச் சேர்ந்த பந்து இன்று அதே மாதிரி வீசினால் கணுக்காலுக்கு இறங்கிவிடும், இறங்கக் கூடாது என்று கொஞ்சம் தாமதமாகக் கையிலிருந்து விட்டால் கேட்சர் தலைக்கு மேல் போகும். போதாததற்கு, இந்த வயதில் பெண்பிள்ளைகள் திடீரென்று உயர்வார்கள், கையும் காலும் நீளும். பழைய நீளத்துக்குப் பழகிய அசைவு புதிய நீளத்துக்கு ஒத்துவரக் கொஞ்ச காலம் எடுக்கும். அவள் "என் கை என் கை மாதிரி இல்ல" என்று சொன்னதில் பாதி உண்மையாகவே இருக்கலாம்! அதைக் கேட்டு நீங்கள் பயப்பட வேண்டாம். அவளிடமே இதைச் சொல்லுங்கள், காரணம் தெரிந்தாலே பிள்ளைகளுக்குப் பாதி பாரம் இறங்கும்.

வலி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தோளின் முன்பக்கம், மேல்கை, முதுகு. கீழிருந்து வீசுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று மைதானங்களில் ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது தவறு. சிறுவர் பேஸ்பாலில் ஒரு நாளைக்கு இத்தனை பந்து என்று வரம்பு வைத்திருப்பதைப் போல சாஃப்ட்பாலில் பெரும்பாலும் கிடையாது, வாரக்கடைசியில் மேட்ச் மேல் மேட்ச் வீசுகிற பிள்ளைகள் உண்டு, அதற்கு மேல் தினமும் பேக்யார்ட் வேறு. வலியை மறைக்கிற பிள்ளையும் கட்டுப்பாடு இல்லாமல்தான் வீசும். வாரத்தில் சில நாள் கைக்கு முழு ஓய்வு கொடுங்கள். வலி இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இனி மனசு. உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது, அந்தப் பிள்ளையின் கையை இப்போது எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. அப்பா, இரண்டு கோச், பாட்டி, போன் கேமரா, எல்லாருக்கும் மேல் அவளே. பழகிய வித்தை நடக்கிறபோது அதைக் கவனிக்க ஆரம்பித்தால் அது தடுமாறும். ராப் கிரே என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேராகப் பொருந்தும். தேர்ந்த பேஸ்பால் பேட்டர்களிடம், பேட்டைச் சுழற்றும்போது ஒரு சத்தம் கேட்டால் அந்த நொடியில் பேட் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று சொல்லச் சொன்னார். அப்படிக் கவனித்ததுமே அவர்கள் ஆட்டம் கெட்டது. இன்னொன்றும் தெரியவந்தது: ஆட்டம் சரிந்திருந்த நேரத்தில், பேட் எங்கே போனது என்பதை அவர்கள் வழக்கத்தைவிடச் சரியாகச் சொன்னார்கள். அதாவது, யாரும் கேட்காமலேயே கவனம் உள்ளே திரும்பியிருந்தது.

உங்கள் மகளுக்கு இடுப்பும் தெரிகிறது, மணிக்கட்டும் தெரிகிறது, பந்து எப்போது கையை விட்டுப் போகிறது என்பதும் தெரிகிறது. பாவம், கேட்சரின் கிளவ்தான் தெரியவில்லை.

அதனால் நான் கேட்பது, சொல்கிற வாய்களைக் குறைக்கச் சொல்லித்தான். நுட்பம் பற்றிப் பேச ஒரே ஒரு ஆள், பிட்சிங் கோச். டீம் கோச்சிடம் நீங்கள் இருவரும் நேரில் போய்ப் பேசி, மேட்ச் நடுவில் கை, இடுப்பு என்று எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல கோச் புரிந்துகொள்வார். திருத்தம் எல்லாம் வாரநாளில், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

உங்கள் கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிக்கலாம், இந்தப் பகுதியை அவரையே படிக்கச் சொல்லுங்கள். ஐயா, நீங்கள் அந்தப் பக்கெட்டில் தொடர்ந்து உட்காருங்கள், அதை விட்டுவிட வேண்டாம். வேலை முடிந்து வந்து மகள் பந்தைப் பிடிக்கிற அப்பா கிடைப்பது பெரிய விஷயம். வீடியோவை மட்டும் நிறுத்துங்கள். பந்து வந்தால் பிடித்துத் திருப்பிப் போடுங்கள், நல்ல பந்தோ கெட்ட பந்தோ உங்கள் முகம் ஒரே மாதிரி இருக்கட்டும். மேட்சில் வேலிக்குப் பின்னால், அவள் கண்ணில் படுகிற இடத்தில் நிற்காதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கிற பிள்ளையால் கிளவைப் பார்க்க முடியாது. காரில் வரும்போது மேட்சைப் பற்றி அவளாக எடுத்தால் ஒழியப் பேச வேண்டாம். என்ன சாப்பிடலாம் என்று கேளுங்கள், போதும்.

பாட்டி பார்க்கட்டும், சந்தோஷமாகப் பார்க்கட்டும். ஆனால் போனில் வேறு கதை பேசச் சொல்லி உங்கள் கணவரே அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

மகளுக்கு ஒரு சின்ன பழக்கம். பிட்சரைச் சுற்றி மைதானத்தில் ஒரு வட்டம் போட்டிருப்பார்களே, அதற்குள் அவளுக்கு ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் சில விநாடி கிடைக்கிறது. வீசும் இடத்தில் பதித்திருக்கும் ரப்பர் பட்டையில் கால் வைக்கும் முன், பேட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மைதானத்தின் கோடிப் பகுதியான அவுட்ஃபீல்டைப் பார்த்து ஒரு மூச்சை நீளமாக வெளியே விடட்டும், இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். திரும்பி, பட்டையில் ஏறி, கிளவில் ஒரு புள்ளியைப் பார்த்து, வீச வேண்டியதுதான். உடம்பைவிட்டு வெளியே உள்ள இலக்கில் கவனம் வைத்தால் அசைவு சீராகும் என்பதை கேப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் பல விளையாட்டுகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மேட்ச் அன்று முதல்முறையாகச் செய்தால் இது வேலை செய்யாது. பேக்யார்டில் ஒவ்வொரு பந்துக்கும் செய்து பழக வேண்டும். கொஞ்ச நாள் பாதித் தூரத்தில் வீசட்டும், பிறகு 43 அடிக்குப் போகட்டும். அப்புறம் ஒரு தோழியை பேட்டோடு நிற்கவைத்து, இரண்டு பேர் பேஸில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு வீசட்டும். பேக்யார்டில் இல்லாத பதற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே கொண்டுவர வேண்டும்.

யிப்ஸ் பற்றிக் கேட்டீர்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ப்ளேஆஃபில் ரிக் ஆங்கீல் என்ற 21 வயது பிட்சர் ஒரே இன்னிங்ஸில் ஐந்து பந்துகளைக் கேட்சரால் பிடிக்க முடியாதபடி எறிந்தார். பிட்சராக அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, ஆனால் 2007இல் அவுட்ஃபீல்டராக அதே பெரிய லீகுக்கு வந்தார். நீங்கள் படித்துப் பயந்தது இந்த மாதிரிக் கதையாகத்தான் இருக்கும். கடிதத்தை வைத்து நான் பெயர் சூட்ட மாட்டேன், நீங்களும் சூட்ட வேண்டாம், அவள் காதில் அந்த வார்த்தை விழவே வேண்டாம். தூரம் மாறியிருக்கிறது, உடம்பு வளர்கிறது, ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். சரிவுக்கு இவ்வளவு சாதாரணக் காரணங்கள் இருக்கும்போது பெரிய காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

காலேஜ் கவலையை இன்றைக்கே இறக்கி வையுங்கள். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1 கல்லூரிகளின் சாஃப்ட்பால் கோச்கள் 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை அவளை அணியில் சேர்ப்பது பற்றி அவளோடு பேசவே கூடாது என்பது விதி. 13 வயதில் போட்ட வாக் கணக்கை யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். மேட்ச் இல்லாத நாளிலும் வயிற்றுவலி வருகிறது, தூக்கம் கெடுகிறது, சாப்பாடு குறைகிறது, தோழிகளிடம் பேசுவது நின்றுவிட்டது என்றால் காத்திருக்காமல் குழந்தை டாக்டரிடம் சொல்லி, விளையாட்டுப் பிள்ளைகளோடு பழகிய உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள்.

"விட்டுடட்டுமா" என்றதற்குச் சரி என்றும் சொல்லாதீர்கள், கூடாது என்றும் சொல்லாதீர்கள். எதை விட நினைக்கிறாள் என்று கேளுங்கள். பிட்சிங்கையா, இந்த டீமையா, சாஃப்ட்பாலையேவா? மூன்றும் வேறு. சிலருக்கு, வீசாமல் முதல் பேஸில் ஃபீல்டராக ஒரு மாதம் நின்றாலே மூச்சு வந்துவிடும், கோச்சிடம் அதைக் கேட்கலாம். சீசன் முடிந்து இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து பேசுவோம், அப்போது நீ என்ன சொல்கிறாயோ அதுதான் என்று அவளிடம் சொல்லுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். இந்தப் பேச்சை மட்டும் டோர்னமென்ட் முடிந்த ஞாயிறு ராத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்